இறகு மேசையிலிருந்து எழுந்தவர்

கடந்த வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தபோது பட்டறைக் காவலாளி எனக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, பாக்கியம் அக்காவ வெட்டிட்டான். பஸ் நிக்கிற ஹோல்ட்ல. ஆஸ்பத்திரிக்கு ஏத்துறதுக்குள்ள முடிஞ்சிருச்சுக்கா."

வெட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

பாக்கியம் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கஹவத்தைக்குப் பக்கத்தில், றப்பர் தோட்டத்தை ஒட்டிய பட்டறையொன்றில் நாங்கள் வேலை செய்கிறோம். வெளிநாட்டில் ட்ரவுட் மீன் பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் போலிப் பூச்சிகள் எங்கள் கைகளில்தான் உருவாகின்றன. கொக்கியில் நூலையும் சேவலின் கழுத்து இறகையும் சுற்றிச் செய்வது. அந்த இறகைத் தெரிவு செய்யும் மேசை பாக்கியம் அக்காவுடையது.

இறகை வளைத்து அதன் மயிர்களை விரியவிடுவார். கொக்கியின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பிறகு நுனிகளைக் கீழுதட்டில் அழுத்துவார். குத்தினால் மிதக்கும் பூச்சிக்கு. மடங்கினால், "இது தண்ணி குடிச்சிரும். அடியில போறதுக்குப் போடு" என்று வேறு தட்டில் தள்ளுவார்.

தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டு அவர் பட்டறைக்கு வந்தபோது கன்னத்தில் வீக்கம் வற்றியிருக்கவில்லை. கணவர் எங்கே என்று கேட்டேன்.

"எம்பிலிப்பிட்டியவுக்குப் போயிட்டாரு. நான் பெரிசா ஒண்ணும் செய்யல. திருப்பி அடிச்சேன். அவருக்கு அது பழக்கமில்ல."

அடுத்த மழைக்காலத்தில் மேற்பார்வையாளர் ஒருவர், சரியில்லை என்று கட்டிய பூச்சிகளை அள்ளி ஒரு பெண்ணின் முகத்தில் வீசினார். கொக்கியொன்று அவளது புருவத்தில் ஏறியது. அக்கா முதலில் அவளை உட்காரவைத்து, கொக்கியின் முள்ளைக் குறட்டால் நறுக்கி வெளியே எடுத்தார். இரத்தத்தைத் துடைத்தார். அதன் பிறகுதான் எழுந்து போய் அந்த மனிதரின் கன்னத்தில் அறைந்தார்.

"கண்ணுல பட்டிருந்தா உங்க கண்ணையா குடுப்பீங்க, சேர்?"

அந்த மேற்பார்வையாளர் மறுவாரம் வேலைக்கு வரவில்லை.

அக்காவின் மேசையிலேயே இறகு பிரித்தவள் செல்வி. அவளது கணவன் ரவி குடித்துவிட்டு அடிப்பவன். சென்ற ஆண்டு ஒருநாள், நாங்கள் இறகுக்குச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு உள்ளே வந்தான். அவளது கூந்தலைப் பிடித்து இழுத்துத் தோளில் வெட்டினான். மேசை சரிந்தது. தரையெல்லாம் இறகும் இரத்தமும். நாங்கள் அலறிக்கொண்டு சுவரோடு ஒண்டினோம். காவலாளி சிங்களத்தில், "பிஹிய பிம தியாபங்!" என்று கத்தினார். கத்தியைக் கீழே போடுகிறவனா அவன்? மறுபடி ஓங்கினான்.

அக்கா அடுப்பிலிருந்த சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, கொதிக்கும் பச்சைச் சாயத்தை அவன் முகத்திலும் நெஞ்சிலும் கொட்டினார். அவன் மாடுபோலக் கதறி விழுந்தான். கத்தி மேல் காலை வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்:

"எந்திரிச்சேன்னா இன்னொரு சட்டி இருக்கு."

ரவியை மறியல் சிறையில் வைத்தார்கள். பிணையில் வந்ததும் அவனுடைய ஆட்கள் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து சமாதானம் பேசினார்கள், பிறகு மிரட்டினார்கள். செல்வி பயந்துபோய், வழக்கே வேண்டாம் என்று அழுதாள்.

"நீ வராட்டியும் நான் போவேன்" என்றார் அக்கா. "ஆனா நீயும் வா புள்ள. தனியா பஸ்ல போறது போரடிக்கும்."

கடந்த வெள்ளிக்கிழமைதான் வழக்கு நாள். இருவரும் பஸ்ஸுக்கு நின்றபோது ரவி முச்சக்கர வண்டியில் கத்தியோடு வந்து இறங்கினான். அவன் குறிவைத்தது செல்வியை. அக்கா அவளைப் பக்கத்துக் கடைக்குள் தள்ளிவிட்டுக் குடையோடு திரும்பினார். கழுத்தில் விழுந்த முதல் வெட்டிலேயே சாய்ந்துவிட்டார் என்று செல்வி சொன்னாள். கடைக்கார மாத்தையாவும் சனங்களும் ரவியை அடித்து, கட்டிப்போட்டு, பொலிசிடம் ஒப்படைத்தார்கள். கடை வாசலில் நின்று வெட்டு விழுந்ததைப் பார்த்தவள் செல்வி ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். பெட்டியை மூடும் வேளையில் ரவியின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து செல்வியின் காலில் விழுந்தார்.

"எனக்கு ஒத்தப் புள்ள தாயி. கோர்ட்டுல சரியா பாக்கலேன்னு சொல்லிரு. உனக்கும் அவன் புருசன்தானே!"

பறை நின்றது. செல்வி குனிந்து அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"அத்த, உங்களுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்தச் சொல்லுங்க, ஊத்துறேன். பொய் சொல்ல மட்டும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு நேரே பெட்டியிடம் போய்த் தோளைக் கொடுத்தாள். "பொம்பளைங்க தூக்கக் கூடாது" என்றார் ஒருவர். புருவத்தில் தழும்புள்ள பெண் அவரை முழங்கையால் தள்ளிவிட்டு நுழைந்தாள். நானும் நுழைந்தேன். பட்டறைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மயானம் றப்பர் மலையின் உச்சியில். மழையில் வழி முழுக்கச் சேறு. வழுக்கி விழுந்தவளின் இடத்தில் அடுத்தவள் தோள் கொடுத்தாள்.

அக்கா, அந்த ஏற்றத்தில் உங்களை நாங்கள் ஓரிடத்திலும் கீழே வைக்கவில்லை. நிம்மதியாகப் படுங்கள். வழக்கின் அடுத்த தவணைக்குச் செல்வியோடு நாங்கள் எல்லோரும் பஸ் ஏறுகிறோம்.