காற்று வரும் வழி

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவளுக்கு நான் ஜால்ரா போடுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இருவருக்கும் வெளிநாட்டில் ஓர் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை. அவள் இஸ்திரி, நான் விரிப்புகளை மடிப்பேன். மடிக்கும் மேசையில் என்னோடு நிற்கும் எட்டுப் பேரும் ஸ்பானிஷ் பேசுபவர்கள். அவர்களோடு வாயாட வேண்டுமென்றே, விருந்தாளி யாரோ விட்டுப்போன தடி ஸ்பானிஷ் அகராதியை என் நாத்தனார் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

"தூங்குறதுக்கு தோர்மீர். டார்மிட்டரிக்கு ஒண்ணுவிட்ட அக்கா. கைக்கு மானோ. மேனுவலும் அந்த வீட்டுப் பொண்ணுதான்" என்பாள், தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்.

"முதல்ல சாப்பிடுங்க அண்ணி. சம்பந்தம் அப்புறம் பேசலாம்" என்பேன். வீட்டுக்காரரின் அக்கா என்பதால் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

சலவைக்கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல். தோட்டத்தில் உட்காரும் விருந்தாளிகள்மேல் நீராவி அடிக்கிறதென்று தமிழரான சூப்பர்வைசர் அதன்மேல் பலகை வைத்துத் திருகிவிட்டார். மூன்றாம் நாள் என் பக்கத்தில் நின்றவள் மயங்கி விழுந்தாள். நான் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு மடிக்கப் போய்விட்டேன். என் நாத்தனார்தான் போய்க் கேட்டாள்.

"ஜன்னல் எதுக்கும்மா? வெளிச்சத்துக்குத்தானே? இன்னும் ரெண்டு லைட் போட்டுத் தர்றேன்" என்றார் அவர்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"வெளிச்சத்துக்குன்னு யார் சார் சொன்னா? இவங்க ஜன்னலை வெந்தானான்னு சொல்றாங்க. காத்துன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுல பொறந்தது. வெண்டிலேட்டரும் அதே வயித்துப் பிள்ளை. இங்கிலீஷ் விண்டோ, ஆதியில காத்தோட கண்ணு. நம்ம பழந்தமிழ்ல காலதர், காத்து வர்ற வழி. மூணு பாஷைக்காரனும் கூடிப் பேசியா பேரு வச்சான்? மூச்சு முட்டினவன் வச்ச பேரு சார்!"

"எனக்கே பாடமா? பலகையில கை வச்சா வேலை போயிடும்."

"போகட்டும்."

இஸ்திரி மெஷினுக்கு வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஆறு திருகாணி. அவர் கத்தக் கத்த ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காற்று வந்தது. அவளுக்கு வேலை போயிற்று.

மறுநாள் சூப்பர்வைசர் பலகையோடு திரும்ப வந்தார். மயங்கி விழுந்தவள்தான் முதலில் போய் ஜன்னலை மறித்து நின்றாள். "வெந்தானா" என்றாள். மற்ற ஏழு பேரும் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள்.

"நீயாவது இவங்களுக்குச் சொல்லேம்மா. உனக்கும் உன் நாத்தனாருக்கும்தான் ஆகாதே" என்றார் என்னிடம்.

ஆகாதுதான். அது எங்கள் வீட்டு விவகாரம். நான் போய் அவர்களோடு நின்றேன்.

"பலகையைக் கீழ வைங்க சார். எங்க அண்ணி வந்து இஸ்திரியைத் தொடுற வரைக்கும் இங்க ஒரு விரிப்பு மடியாது."