மார்கழிப் பனிக்கு மூன்று வண்டிகள்

கார்த்திகை தீபம் முடிந்து மலைமேலிருந்து கொப்பரையை இறக்கிவிட்டார்கள் என்றால் என் வீட்டுக்காரருக்கு வேலை ஆரம்பம். மூன்று வண்டிகளையும் பனிக்குத் தயார் செய்ய வேண்டும். பனி என்றால் காஷ்மீர் இல்லை, அடி அண்ணாமலைதான். ஆனால் மலைக்குப் பின்பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் மார்கழியில் ஏழரை மணிக்கு முன்னால் வெயில் எட்டிப் பார்க்காது. அதற்குள் எந்த வண்டியும் ஒரே உதையில் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை.

அவருடைய மோட்டார் பைக், என்னுடைய மொபெட், பிழைப்புக்கு வைத்திருந்த பழைய பெட்ரோல் வேன். வேன் பௌர்ணமிக்குப் பக்தர்களை ஏற்றும், மற்ற நாளில் கல்யாணப் பாத்திரங்களை ஏற்றும். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் முனகும்.

டாங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிப்பார். பேட்டரி முனையில் பூத்த வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவி கிரீஸ் தடவுவார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி அதன் நுனியில்தான் வரும், அங்கே கரி படிந்தால் வண்டி கிளம்பாது என்று கல்யாணமான புதிதில் எனக்கு விளக்கியிருக்கிறார். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. எல்லாம் முடிந்தால் போர்வை. வேனுக்கு ஜமக்காளம், மொபெட்டுக்குக் கம்பளி, எனக்குப் பழைய புடவை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒன்பது வருஷம் கழித்து, ஆசிரியை வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்க வேலூருக்கு வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. டவுனில் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் உண்டு. அந்த நேரத்தில் எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போக ஒன்றும் கிடையாது.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"எங்க போடுவாங்களாம்?"

"எங்க போட்டாலும் போவேன்."

"செங்கத்துக்கு அந்தாண்ட போட்டா இன்னா பண்ணுவ? தூரம் ஜாஸ்தி."

"ஒம்போது வருஷத்தவிட கம்மிதாங்க."

அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் அந்த ‘ஜாஸ்தி’ எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

முதல் நாள் சாயங்காலம் மூன்று வண்டிகளையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி மூடிவைத்தார்.

"கிளப்பிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பூஜை போட்ட வண்டி மொதல்ல உனக்குத்தான் கிளம்பணும். சும்மா கிளப்பி வீணாக்குவாங்களா?"

"அதுக்கு எதுக்கு மூணு?"

"ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு."

மறுநாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு மூன்றும் மக்கர் பண்ணின. மொபெட்டை மிதித்து மிதித்து அவருக்கு மூச்சு வாங்கியது. பைக்கை இருபது உதை உதைத்தார். வேன் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது.

"பிளக்கைக் கழட்டுங்க," என்றேன். டார்ச்சை நான்தான் பிடித்தேன்.

மொபெட் பிளக்கின் நுனி கருப்பாக இருந்தது. பைக்கிலும் அப்படியே. எரிந்து கருத்த கருப்பு இல்லை, யாரோ கையால் தடவின கருப்பு.

"நான் போகக் கூடாதுன்னுதானே இப்படிப் பண்ணீங்க? அன்னைக்கே தூரம் ஜாஸ்தின்னு சொன்னீங்களே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். தீப மை. மலைமேல் எரிந்த தீபத்தின் கரியை நெய்யோடு சேர்த்து, ஆருத்ரா தரிசனத்துக்குக் கோயிலில் கொடுப்பது. நல்லது நடக்க வேண்டும் என்று நாங்கள் நெற்றியில் வைத்துக்கொள்வோம்.

"நெருப்பு வர்ற எடம் அதுதானேன்னு எல்லாத்துலயும் ஒரு பொட்டு வச்சேன்," என்றார். "நீ நல்லபடியா போய் வரணும்னு."

கரி படிந்தால் வண்டி கிளம்பாது என்று எனக்கே சொல்லிக்கொடுத்த மனுஷன். அண்ணாமலையார் கொடுக்கிற கரி வேறு ஜாதி என்று நினைத்துவிட்டார்.

கோபப்பட நேரமில்லை. வேட்டி முனையைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார். மொபெட் மூன்றாவது மிதிக்குக் கிளம்பியது. அவருடைய மஃப்ளரை என் தலையில் கட்டிவிட்டு வெறும் தலையோடு ஓட்டினார். கிரிவலப் பாதையில் முன்னால் நாலடிக்கு மேல் தெரியவில்லை.

நாங்கள் போனபோது பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அவர் கத்தி நிறுத்தி என்னை ஏற்றினார். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலுக்குக் கிட்டே வந்தால் என் புடவையில் பட்டுவிடுமோ என்று, கருப்பு அப்பிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். நான் சொன்னது தப்பு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பஸ் போய்விட்டது.

வேலை கிடைத்தது. செங்கத்துக்கு அந்தாண்டதான் போட்டார்கள். தூரம் ஜாஸ்திதான். பல வருஷம் விடியற்காலையில் அவர்தான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். அன்று சொன்ன வார்த்தையை மட்டும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவரும் கேட்கவில்லை.

அடுத்த மார்கழியிலிருந்து அவருடைய வேலைகளில் ஒன்று கூடியது. என் மொபெட் பிளக்கைத் தேய்த்து, ஊதி, மாட்டுவதற்கு முன்னால் அடுப்படிக்குக் கொண்டுவந்து என் கண்ணுக்கு நேரே பிடிப்பார்.

"பாத்துக்கோ, சுத்தமா இருக்கு," என்பார்.

நான் பார்த்து ‘ம்’ என்று சொன்ன பிறகுதான் போய் மாட்டுவார்.