சிவலையைப் பார்க்கப் போன நாள்

நல்லூரில் நாங்கள் தங்கியிருந்த விடுதியில், விருந்தினரைப் பண்ணை பார்க்கக் கூட்டிப்போகும் ஏற்பாடு ஒன்று இருந்தது. தலைக்கு ஓலைத் தொப்பி, குடிக்க இளநீர், மாட்டோடு நின்று படம். லண்டனில் பிறந்து வளர்ந்த என் மகள் அதற்குப் போகத் துடித்தாள். அவளுக்கு இது தீவொன்றில் விடுமுறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தூரில் சொந்த அண்ணை தோட்டம் செய்துகொண்டிருக்க, தொப்பி போட்டுக்கொண்டு யாரோ ஒருவருடைய மாட்டைப் போய்ப் பார்ப்பதா? உடனே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நாளைக்கே வா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெள்ளண வா" என்றார். ஏன் இந்த அவசரம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போய் இறங்கியதுமே மனம் சோர்ந்துவிட்டது. காணியில் பாதி வெறுமையாகக் கிடந்தது. மீதியில் வெங்காயம் நின்றது, அதுவும் களை மண்டி. நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அண்ணையின் சட்டை அவருக்குப் பெரிதாகியிருந்தது. இருந்தும், "வாங்கோ, வாங்கோ" என்று மகளை நேரே மாட்டுக் கொட்டிலுக்குத்தான் கூட்டிப்போனார். அங்கே சிவந்த நிறத்துச் சிவலைப் பசு ஒன்று தனியாக நின்றது.

மகள் வாழைப்பழத் தோலைத் தின்னக் கொடுத்தாள். கழுத்தைத் தடவினாள். படம் படமாக எடுத்தாள்.

"மாமா, நான் பால் கறக்கலாமா?"

"பால் வத்திப் போச்சு பிள்ளை" என்றார் அண்ணை. "நீ சும்மா தடவு. அதுக்கு அது விருப்பம்."

நான் குசினிக்குள் போனேன். அண்ணையின் மனைவி, என் மச்சாள், அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னாள்.

"நேற்றே ஏத்த வந்தவை. நீங்கள் வாறியள் எண்டு உங்கடை அண்ணை இண்டைக்குப் பின்னேரம் வரச் சொல்லிப்போட்டார்."

"மாட்டை விக்கிறியளோ?"

"வேறை என்ன செய்யிறது? அதுக்குச் சினையும் தங்கிறேல்லை. உவருக்குக் குனிஞ்சு நிமிர ஏலாது. புல்லு வெட்ட, தீனிக்குப் பனையோலை கிழிக்க, சாணம் அள்ள நான் ஒருத்திதான். பெடியள் விக்கச் சொல்லிப்போட்டாங்கள்."

"ஆர் வாங்கிறது?"

"வளக்கத்தான் எண்டு சொன்னவை."

பால் வற்றி, சினையும் தங்காத மாட்டை யார் வளர்க்க வாங்குவார்கள்? அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிரான்சில் இருக்கிற அண்ணையின் பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீயும் லண்டனில்தானே இருக்கிறாய் என்று மச்சாள் கேட்டிருக்கலாம். அவள் சோற்றை வடித்தாள்.

எங்கள் வீட்டில் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிற்றோடு வரவேண்டும். பழைய கயிற்றைக் கழற்றிக் கொட்டிலுக்குள் தொங்கவிட்டுவிடுவோம். அந்தக் கயிறு இருந்தால் அடுத்த மாடு தானாக வந்து சேரும் என்று நம்பிக்கை. சண்டைக்குள் இடம்பெயர்ந்து போய் நாங்கள் திரும்பி வந்தபோது கொட்டிலில் கூரையே இல்லை. தூணில் கயிறு மட்டும் தொங்கியது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணை திரும்பவும் தோட்டம் செய்யத் தொடங்கினார்.

பின்னேரம் சாமான் ஏற்றும் சின்னப் பட்டா வாகனம் ஒன்று படலைக்கு வந்தது. இறங்கியவரின் கையில் நீலநிற நைலோன் கயிறு. மச்சாள் பசுவின் நெற்றியில் திருநீறு பூசினாள். அண்ணை பழைய கயிற்றைக் கழற்றினார். எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது. கயிறு இருக்கிறதுதானே, உடம்பு தேறினால் இன்னொரு மாடு வாங்குவார் என்று நினைத்தேன்.

நீலக்கயிற்றுக்குப் பசு அசையவில்லை. அண்ணை முன்னால் நடந்தார், அதுவும் பின்னால் நடந்து வாகனத்தில் ஏறியது. வேறொரு தோட்டத்துக்குப் போகிறது என்று நினைத்து என் மகள் சிரித்துக்கொண்டே கை காட்டினாள்.

அண்ணை கொட்டிலுக்குத் திரும்பினார். கயிறு கீழே கிடந்தது. எடுத்து மண்ணைத் தட்டிச் சுருட்டினார். தொங்கவிடப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாகனத்தடிக்கு வந்து, கயிற்றைப் பசுவின் காலடியில் போட்டார்.

"இஞ்சாருங்கோ, கயிறு..." என்றாள் மச்சாள்.

"அதுவும் போகட்டும்."

வாகனம் புறப்பட்டது. மச்சாள் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பசு ஏறும்போதுகூட அவள் அழவில்லை.