அளவுக்குக் கொடுத்த சட்டை

கடலூரில் பத்திரம் எழுதிப் பிழைத்த காசிநாதனுக்குக் கோபம் வராத நாள் கிடையாது. அறுபத்தாறாம் வருஷம் அந்தக் கோபமெல்லாம் சட்டை மேல் திரும்பியது. நாள் முழுக்கச் சம்மணம் போட்டுக் குனிந்து எழுதுகிறவருக்கு, அக்குள் தளர்ந்து தொடைவரை இறங்கும் பழைய மாதிரி முழுக்கைச் சட்டைதான் தோது. கடைகளிலோ உடம்பைக் கவ்விப் பிடிக்கும் டெர்லின் சட்டைகளே தொங்கின.

"இது சட்டையா, தலையணை உறையா?" என்று ஒவ்வொரு கடைக்காரரிடமும் சண்டை போட்டார்.

கடைசியில் சிதம்பரம் போய், கீழவீதியில் தையல்கடை வைத்திருந்த மச்சினன் கொளஞ்சியிடம் புதுத் துணியைக் கொடுத்தார். அளவுக்கென்று, மிஞ்சியிருந்த ஒரே பழைய சட்டையையும் கொடுத்தார். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், "பாத்துத் தச்சு வை, மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

அடுத்த வாரம் போனபோது புதுச் சட்டை இறுக்கமாக இருந்தது. பக்கத்தில் பழைய சட்டையும் அதே அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"பழைய சட்டையக் கொண்டாறவங்க எல்லாம் புடிச்சுத் தைக்கத்தான் கொண்டாறாங்க, மாமா. நீங்க சொல்லக் கூச்சப்படுறீங்கன்னு நெனச்சேன். போட்டுத்தான் பாருங்களேன்" என்று கொளஞ்சியே புதுச் சட்டையை மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டான்.

காசிநாதன் அவனை அறையக் கையை ஓங்கினார். அக்குள் டர்ரென்று கிழிந்தது. ஓங்கிய கையை இறக்கி, மறுபடியும் தூக்கிப் பார்த்தார். தாராளமாகப் போனது.

"இப்பதான்டா சரியான அளவு" என்றார் பல்லைக் கடித்தபடி. "பழசையும் இதே மாதிரி கிழி."