கோப்பிக் கப்பில் ஊற்றிய பெற்றோல்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, தை மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. கனடாவின் மொன்றியலில் மூக்குக்குள் இருக்கிற ஈரமே உறைந்துபோகிற குளிர். புவாண்ட்-கிளேரில் முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டு முற்றத்தில், அவர் விற்க வைத்திருந்த டீசல் பிக்கப் வண்டியைப் பார்க்க நானும் அத்தானும் போயிருந்தோம். பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றுதான் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அப்போது நாங்கள் கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். மனைவிக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பொதி கட்டுகிற வேலை. விடியவே அவளை அங்கே இறக்கிவிட்டு, திரும்பி வந்து மகளைக் கார்தெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், விடவேண்டும். பின்னேரம் டவுன்டவுனில் ஒபிஸ்கள் துப்புரவாக்கப் போவேன். தரை மினுக்குகிற மெஷின் ஒன்று சொந்தமாக வைத்திருந்தேன். எங்கள் பழைய கார் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையாகிப் படுத்துவிட்டது. மெஷினையும் ஏற்றலாம், குடும்பத்தையும் ஏற்றலாம் என்று ஒரு பிக்கப் வாங்க முடிவெடுத்தோம். அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. டீசலா, பெற்றோலா என்ற கேள்வி வந்தபோதுதான் என் நித்திரை போனது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனாலோ என்னவோ, நானாக எடுக்கிற எந்த முடிவிலும் எனக்கு நம்பிக்கை வராது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். டீசல் என்றால் இழுவை, எஞ்சின் தேயாது, காலத்துக்கும் ஓடும் என்றார் ஒருவர். கிட்டக் கிட்ட ஓடுகிறவனுக்கு டீசல் சரிவராது, எஞ்சின் சூடாகமுன்னம் நீ போகிற இடம் வந்துவிடும், பிள்ளை விறைச்சுப்போகும் என்றார் இன்னொருவர். குளிரில் டீசல் எஞ்சின் உறையாமல் சூடாக இருக்க இராத்திரியில் அதைக் கரண்டில் செருகி வைக்கவேண்டும் என்று மூன்றாமவர் சொன்னபோது நான் இடிந்துபோனேன். எங்களுக்குத் தெருவில்தான் பார்க்கிங். மூன்றாம் மாடி பல்கனியில் இருந்து வயரை இறக்குவதா? பனி வழிக்கிற வாகனம் வந்து அறுத்தால்? யாராவது தடுக்கி விழுந்தால்?

இதையெல்லாம் மனைவியிடம் கேட்டேன். அவள் அரிசி கழுவிக்கொண்டு நின்றாள்.

"என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கை நீங்கள் இவ்வளவு யோசிக்கேல்லை" என்றாள்.

கடைசியில் முடிவைச் சொன்னவர் அத்தான். அக்காவின் கணவர். இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஊரில் அவர் வாடகைக் கார் ஓடினவர். போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத அந்த வருஷங்களில், கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், ஆனால் குளிர்ந்த எஞ்சின் அதில் பிடிக்காது. அதனால் சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோலைத் தங்கம் மாதிரிப் பொத்தி வைத்திருப்பார்கள். காற்றுப் போகிற வாயில் அதில் சில சொட்டுகள் விட்டு ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அத்தான் அந்த வித்தையில் மன்னன். ஆகவே வாகனம் பற்றி அவர் சொன்னால் எங்கள் குடும்பத்தில் அதற்கு மறுபேச்சு இல்லை.

"டீசலை எடு. பெற்றோல் வண்டி பொம்பிளையள் கடைக்குப் போறதுக்கு" என்றார்.

"குளிருக்கு ஸ்டார்ட் வராதாமே அத்தான்?"

"ஆர் சொன்னது? கோயிலிலை தேத்தண்ணி குடிக்கிற பேராசிரியர்மாரோ?"

அவரே பேப்பரில் விளம்பரமும் பார்த்து, அவருடைய காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஆளுக்கொரு கோப்பி வாங்கினோம். பெரிய கடதாசிக் கப்.

பிக்கப்பின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஒரு கியூபெக்காரர். நல்ல உயரமான மனிதர். வீட்டுச் செருப்போடு வெளியே வந்தவர், எங்களைக் கண்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததில் விளங்கியது இதுதான்: இரவு எஞ்சினைக் கரண்டில் செருக மறந்துவிட்டார், இப்போது செருகினாலும் நேரம் எடுக்கும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உள்ளே எல்லாம் பாருங்கள் என்று சாவியைத் தந்துவிட்டு, நீளமான வயர் தேட நிலக்கீழ் அறைக்குப் போனார்.

அவர் கதவைச் சாத்தினதுதான் தாமதம், அத்தான் தொடங்கிவிட்டார்.

"கரண்டிலை செருகிச் சூடாக்க இது என்ன, கேத்தலோ?"

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு தரம் முனகிவிட்டு நின்றது. இன்னொரு தரம் திருப்பினார். அதே முனகல். அத்தானின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஒரு வாகனம் அவரிடம் மாட்டேன் என்று சொன்னதை நான் அதுவரை பார்த்ததில்லை. இறங்கிப்போய் எஞ்சினை மூடியிருந்த பொனற்றைத் திறந்தார். கராஜ் வாசலில் பனி தள்ளுகிற மெஷின் ஒன்று நின்றது, பக்கத்தில் அதற்கான சிவப்புப் பெற்றோல் கான். அவர் கண் அதில் போய் நின்றது.

"அத்தான், வேண்டாம். அந்த மனுசன் வரட்டும்."

"அவர் வரேக்கை இது ஓடிக்கொண்டு நிக்கும். வாயைப் பிளந்துகொண்டு நிப்பார், பார்."

மிச்சக் கோப்பியைப் பனியில் ஊற்றினார். கானைச் சரித்துக் கப்பின் அடியில் கொஞ்சம் பெற்றோல் எடுத்தார். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். என்னைச் சாரதி இருக்கையில் ஏறச் சொன்னார். ஏறினேன். ஏறியதும் பெல்ட்டும் போட்டேன். நிற்கிற வாகனத்தில் பெல்ட் போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சாவியைப் பாதி திருப்பியதும் முன்தட்டில் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது. சுருள் கம்பி மாதிரி ஒரு படம். எங்கள் பழைய காரில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

"அத்தான், இஞ்சை சுருள் மாதிரி ஒரு லைட் எரியுது."

"எரியட்டும்."

"என்னத்துக்கு எரியுது?"

"உனக்கு லைட் எரிஞ்சாலும் பயம், எரியாட்டிலும் பயம். பெற்றோல் விட்டுட்டன், திருப்பு."

பொனற் மறைத்ததால் எனக்கு அவருடைய தொப்பி மட்டும்தான் தெரிந்தது. பெட்டிக்கு மேலே குனிந்துகொண்டு நிற்கிறார் என்று விளங்கியது. "தள்ளி நிண்டால்தான் திருப்புவன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது கண்ணாடிக்கு உள்ளேயே எனக்குக் கேட்டது. "சரி துரை, தள்ளி நிக்கிறன்" என்று பக்கவாட்டில் ஒரு அடி வந்தார். கையில் கப் இருந்தது.

"கப்பையும் கீழை வையுங்கோ."

"இது பெற்றோல்டா, குண்டில்லை. திருப்பு."

திருப்பினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போர்க்காலத்தில் கேட்ட எத்தனையோ சத்தங்கள் எனக்குத் தெரியும். ஆனால் அவையெல்லாம் எங்கிருந்தோ வந்தவை. இது என் கையில் இருந்து வந்தது. வண்டி ஒருதரம் தூக்கிப் போட்டது. பொனற்றின் ஓரத்தால் செம்மஞ்சளாக ஒன்று எழும்பியது. காது அடைத்துவிட்டது. முதலில் என் மனதில் வந்தது, வண்டி பழுதாகிவிட்டதே, அந்த மனிதருக்கு என்ன சொல்வது என்பதுதான். அதன் பிறகுதான் அத்தானைப் பார்த்தேன்.

அவருடைய வலது கை முழங்கைவரை எரிந்துகொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. அந்தக் கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பதுபோல நின்றார்.

நான் இறங்கப் பாய்ந்தேன். பெல்ட் விடவில்லை. கையுறையோடு அந்தப் பித்தானை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், விரல் வழுக்குகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் எரிகிறார்.

வீட்டுக் கதவு திறந்ததும், அந்த மனிதர் தோளில் கிடந்த வயரை எறிந்துவிட்டு ஓடி வந்ததும் எனக்குப் படம் மாதிரித்தான் தெரிந்தது. அத்தானை அப்படியே கட்டிப் பிடித்துப் பனிக்குவியலில் தள்ளி, மேலே விழுந்து, இரண்டு கையாலும் பனியை அள்ளி அள்ளி மூடினார். நான் ஒருவாறு இறங்கி ஓடிப்போனபோது நெருப்பு அணைந்திருந்தது. பிறகு அவர் பனி அள்ளுகிற சவளை எடுத்து எஞ்சினுக்குள் பனியை வாரிப் போட்டார். அவருடைய மனைவி வாசலில் நின்று போனில் அம்புலன்சுக்குக் கத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் ஒரு காலில் செருப்பில்லை. மேலே வெறும் சட்டை.

அத்தானின் புருவமும் இமைமயிரும் கருகிச் சுருண்டு கிடந்தன. மூடிய கண் மூடியபடியே இருந்தது.

"தம்பி, கண் தெரியேல்லையடா" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். "அக்காவுக்குச் சொல்லாதை."

அம்புலன்ஸ் வரும்வரை அந்த மனிதர் பனியில் முழங்காலில் இருந்து அத்தானின் மற்றக் கையைப் பிடித்திருந்தார். பிரெஞ்சில் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு சொல்கூடப் பொது இல்லை. ஆனாலும் அத்தான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்கா வந்து சேர்ந்து, நாங்கள் நடைவாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்த மனிதரும் வந்தார். அத்தானின் தொப்பியைக் கொண்டுவந்திருந்தார். வண்டியைப் பற்றி நான் வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: ஏன்?

சொன்னேன். எங்கள் ஊரில் பெற்றோல் இல்லாமல் இருந்தது, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, பெற்றோல் விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. ஒரு ஆளா இரண்டு ஆளா என்று கேட்டார். ஊர் முழுக்க என்றேன். சுருள் மாதிரி ஒரு மஞ்சள் லைட் எரிந்ததையும் சொன்னேன். அந்த லைட் எதற்கென்று அவர் சொன்னார். குளிருக்காக டீசல் எஞ்சினுக்கு உள்ளேயே சூடாக்குகிற கம்பி இருக்கிறதாம். சாவி போட்டதும் அது அடுப்புமாதிரிச் சிவக்கத் தொடங்கும், கொஞ்சம் பொறு என்பதற்குத்தான் அந்த லைட். நாங்கள் அதற்குள் பெற்றோலை விட்டிருக்கிறோம். வெடிக்காமல் என்ன செய்யும் என்று அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

டொக்டர் வந்து, இமைதான் வெந்திருக்கிறது, கண்மணிக்கு ஒன்றுமில்லை என்றார். கைக்குத் தோல் எடுத்து ஒட்டவேண்டும், காலம் எடுக்கும். பெட்டிக்கு நேர்மேலே குனிந்து நின்றிருந்தால் வேறு கதை. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நீ தள்ளி நிக்கச் சொன்னபடியால்தான் என்று அதற்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் புத்திசாலித்தனத்தால் சொன்னதில்லை. பஸ்சில் ஏறினாலும் கதவுக்குத் தள்ளி நில் என்று சொல்கிற ஆள் நான். நான் சொல்லித் திரிகிற ஆயிரம் பயத்தில் ஒன்று அன்றைக்குப் பொருந்திவிட்டது, அவ்வளவுதான்.

சில நாள் கழித்து அத்தானின் கண்கட்டை அவிழ்த்தார்கள். வீங்கிய இமைக்கு நடுவே கோடு மாதிரிக் கண் திறந்து என்னைத் தேடினார்.

"அந்த லைட் அணைஞ்சுட்டுதோடா?" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பிறகு முகத்தை அக்கா பக்கம் திருப்பிக் கேட்டார்:

"அங்கை ஊரிலை நான் அப்பிடித்தானே காரை ஸ்டார்ட் எடுத்தனான்? அது மெய்தானே?"

அவ்வளவு நாளும் தன்னுடைய கைவேலையில் சந்தேகம் என்ற ஒன்றையே அறியாத மனிதர், தனக்கு ஒருகாலத்தில் அது தெரிந்திருந்ததா என்று மனைவியிடம் கேட்டு உறுதிப்படுத்துகிறார்.

"மெய்தான்" என்றாள் அக்கா. "மூத்தவனுக்கு வலி வந்த அண்டைக்கு உந்தக் காருக்குள்ளைதானே நான் கிடந்தனான். நீங்கள் எடுத்தபடியால்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தனான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவருடைய நல்ல கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பனி கரைந்த பிறகு நான் பெற்றோல் பிக்கப் ஒன்று வாங்கினேன். தினமும் கிடங்குக்கும் கார்தெரிக்கும் ஒபிசுக்கும் ஓடுகிற எனக்கு அதுதான் சரி என்று கடைசியில் எனக்கே விளங்கியிருந்தது. அதைப் பார்க்கப் போனபோதும் அத்தான் கூட வந்தார். கையில் தோலை இறுக்கிப் பிடிக்கிற உறை. சாவியைத் தொடாமல் விற்பவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்: இது என்ன, இது எதற்கு, குளிரில் என்ன செய்யவேண்டும். அவர் ஒருவரிடம் வாகனம் பற்றிக் கேள்வி கேட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

இன்றும் யாராவது "இது எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொன்னால், அதை அவர் எந்த ஊரில், எந்தக் காலத்தில் தெரிந்துகொண்டார் என்று கேட்கத் தோன்றுகிறது. என் கைக்குப் பழகிப்போன காரியங்களையும் செய்ய முதல் அதையேதான் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.