அண்ணி கஞ்சி ஊற்றும் வரை

தோல் பதனிடும் ஷாப்பில் சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும், சங்கு ஊதினால் சாப்பிட வேண்டும். பசித்தால் சாப்பிடுகிற வழக்கத்தை நாங்கள் ஜவ்வாது மலையிலேயே விட்டுவிட்டு வந்ததாக மேஸ்திரிக்கு நினைப்பு. எழுபதுகளின் கடைசியில், மழை ஏமாற்றிய வருஷம், லாரி வைத்து எங்கள் ஊர்க்காரர்களைக் கீழே இறக்கிக்கொண்டு போனவர் அவர்தான். ஆண்கள் சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டினார்கள். பெண்கள் ஈரத்தோலைச் சுமந்தோம். எத்தனை கழுவினாலும் சோற்றுக் கையில் அந்த நாற்றம் இருக்கும்.

என் அண்ணியும் எங்களோடு இருந்தாள். அண்ணன் செத்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியது மலையில் ஒரு துண்டுக் கொல்லை நிலம். மறுவருஷம் ஊருக்குப் போனபோது அதில் சாமை விதைத்துவிட்டு வந்திருந்தாள். மழை விட்டதும், சந்தைக்கு இறங்கிய ஊர்க்காரர் ஒருவர் ஷாப் வாசலில் நின்று அவளிடம் சொன்னார்: "சாமை முத்திப் போச்சும்மா. இன்னும் வுட்டா மண்ணுல கொட்டிடும்."

அண்ணி லீவு கேட்டாள். மேஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போனா போனதுதான். திரும்பி வராத."

மறுநாள் காலையில் சங்கு ஊதியபோது எங்கள் குடிசைகளில் ஒருவரும் இல்லை.

பின்னாளில் கொடி பிடித்த சங்கத்துக்காரர்கள் வந்து, ஸ்டிரைக்கை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டார்கள். நாங்கள் அறுப்புக்குப் போனோம் என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். எங்கள் மலையில் ஒருவர் கொல்லையில் கதிர் முற்றினால் ஊரே அரிவாளோடு போய் நிற்கும். கூலி கிடையாது. அன்றைக்குக் கொல்லைக்காரர் வைத்ததுதான் சட்டம். அவர் கஞ்சி ஊற்றி, "போதும், எழுந்திருங்க" என்று சொல்லும் வரை யாரும் கலையக்கூடாது. ஊரே ஷாப்பில் இருந்ததால் ஊரே கிளம்பியது, அவ்வளவுதான்.

அறுத்துக் கட்டி முடிக்கும்போது மேஸ்திரி மூச்சு வாங்க ஏறி வந்தார். குழியில் தோல் அழுகுகிறதாம். முதலாளி குதிக்கிறாராம்.

"யாரு உங்களுக்குத் தலைவரு?" என்றார்.

அந்தக் கொல்லையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. எல்லோரும் அண்ணியைக் காட்டினோம். நாங்கள் மரியாதை செய்ததாக நினைத்தோம், அவர் கறுவிக்கொண்டார். கஞ்சி காய்ச்சக்கூட விடாமல் எங்களை விரட்டினார். "கீழ போய் ஊத்தறேன்" என்று அண்ணி, முதலில் அறுத்ததில் கஞ்சிக்கென்று குத்தி வைத்திருந்த சாமையில் கொஞ்சம் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஷாப் கேட்டுக்கு வந்ததும் அவளை மட்டும் மறித்தார். "எல்லாரும் உள்ள போங்க. இவ வேணாம்."

அந்த ஆளைப் பார்த்தே சொன்னேன்: "அண்ணி இன்னும் கஞ்சி ஊத்தல. கொல்லை வேலை முடியல. நாங்க எப்படி எழுந்து வர்றது?"

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஊரே உட்கார்ந்தது.

"இன்னா கஞ்சி? இன்னா கொல்லை? இது ஷாப்பு!" என்று கத்தினார்.

அண்ணி முந்தானையை அவிழ்த்து, சாமையை மடியில் பரப்பிக் கல் பொறுக்கத் தொடங்கினாள். அவ்வளவு மெதுவாக அவள் கல் பொறுக்கி நான் பார்த்ததே இல்லை. சங்கு ஊதியது. யாரும் அசையவில்லை. வெயில் ஏற ஏறக் குழிகளின் நாற்றம் சுவரைத் தாண்டி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நாற்றம் எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் முதலாளியின் கார் வந்தது. அவர் மேஸ்திரியிடம் ஏதோ உறுமிவிட்டு உள்ளே போனார். மேஸ்திரி அண்ணியிடம் வந்து, தரையைப் பார்த்தபடி, "நீயும் உள்ள வா" என்றார்.

"இருங்க மேஸ்திரி. ஆளுங்க இன்னும் சாப்பிடல" என்றாள் அண்ணி.

கேட்டுக்கு எதிரே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். எல்லோருக்கும் ஊற்றினாள், சட்டியைக் கழுவினாள், கையைத் துடைத்துக்கொண்டாள். மேஸ்திரி கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னாள்:

"போதும், எழுந்திருங்க."