தீபத்தன்று அம்மா கொடுத்த ரத்தம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை தீபத்தன்று, மாலை ஐந்து மணி. ஊரே மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நானும் அம்மாவும் ஆஸ்பத்திரி லேப் வாசலில் நின்றிருந்தோம். தங்கச்சிக்குப் பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ஒரு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சொந்தக்காரர்களெல்லாம் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் ரத்தம் சேரவில்லை, என்னுடையதும் சேரவில்லை. அம்மாவுடையது சேர்ந்தது.

"என்னம்மா சாப்டீங்க?" என்றார் லேப்காரர்.

"ஒண்ணும் சாப்டலங்க. தீபம் பாத்துட்டுதான் பச்சத்தண்ணி கூட."

"அப்ப எடுக்க முடியாதுங்க. நீங்க மயக்கம் போட்டு விழுந்தா அவங்களப் பாக்கறதா, உங்களப் பாக்கறதா? மொதல்ல எதனா சாப்டுங்க."

"ஒரு மணி நேரந்தானே. தீபம் ஏத்தினதும் சாப்டுட்டு வந்துடறேன்."

"அவ்ளோ நேரம் தாங்காதும்மா."

நான் ஓடிப்போய் எதிர்க்கடையில் பன்னும் டீயும் வாங்கி வந்தேன். அம்மா தொடவில்லை. தங்கச்சி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட விரதமே அது. முறித்தால் மகள் போய்விடுவாள் என்று அவளுக்கு நடுக்கம். நானோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தால் என் வாய் நிற்காது.

"உன் விரதந்தாம்மா அவளக் கொல்லப் போவுது!" என்று கத்திவிட்டேன்.

பாவி நான், பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது! அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பன்னைப் பிய்த்து வாயில் போட்டாள். விழுங்க முடியாமல் கண்ணில் நீர் முட்டியது. டீயை ஊற்றி உள்ளே தள்ளினாள்.

பாட்டில் பாதி நிறைந்திருக்கும், வெளியே "அரோகரா" என்று தெருவெல்லாம் அலறியது. லேப்காரர் நல்ல மனுஷன். ஜன்னலை அகலத் திறந்து, "தலையத் திருப்பினா தெரியும்மா, பாருங்க" என்றார். அம்மா திரும்பவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்துமாப்பா? பத்தலன்னா இன்னும் எடுத்துக்கோ."

அதற்குமேல் எடுக்கக்கூடாது என்று அவர் ஊசியை உருவினார். பாட்டில் உள்ளே போனது. விடியும்வரை எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

காலையில் தங்கச்சி கண் திறந்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கேட்டாள்: "தீபம் பாத்துட்டுதானேம்மா சாப்ட்ட?"

"பாத்தேண்டி" என்றாள் அம்மா. "கண்ணு நெறைய பாத்தேன்."